மலைக்கோயிலில் தவறியவர்

கிரேக்க நாட்டுக்குப் போய்ப் பழைய கோயில் பார்ப்பதில் உள்ள தொல்லைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. விமானம், வெயில், செருப்புக்கடி, போதாக்குறைக்குக் கிரேக்கர்கள். இவை ஒன்றும் இல்லாமல் ஒரு மலைக்கோயிலை லண்டன் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் தொன்மை அனுபவ அறக்கட்டளை நகரின் கிழக்கே ஒரு மலையைக் கட்டியது. அதற்கு முன் அந்த இடம் கவுன்சிலின் குப்பைமேடாக இருந்தது. மேடு முன்பே இருந்தபடியால் பாதி மலை இலாபம் என்று திறப்பு விழாவில் பெருமையாகச் சொன்னார்கள்.

உச்சியில் கோயில். தூண்களை முதலில் கொங்கிரீட்டில் முழுசாக வார்த்து, பிறகு நிபுணர்களை அழைத்து உரிய இடங்களில் உடைத்திருந்தார்கள். உடைத்த இடம் மேலும் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தனிப் பிரிவு ஒன்று இயங்கியது. நிசமான பழங்கோயில்களைச் சுற்றி எந்நேரமும் சாரம் கட்டியிருக்கும் என்பதால் இங்கும் சாரம் கட்டி, மஞ்சள் தொப்பி போட்ட இருவரை அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவர்கள் எதையும் திருத்துவதில்லை. திருத்துகிறவர்களைப் போல நிற்பதற்குத்தான் சம்பளம்.

கோயில் எந்தத் தெய்வத்தினுடையது என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. ஒன்றின் பெயரைப் போட்டால் மற்றத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் மனம் நோகலாம் என்பதால் ஆலோசனைக் குழு ஒன்று கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. அதுவரை சாமி இல்லை.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் ஞானரட்ணத்துக்கு இந்த மலையில் ஒரு அக்கறையும் இருந்ததில்லை. ஆசைப்பட்டது அவர் மனைவி கனகாம்பிகை. பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் பக்கம் இருந்து தெருவை அளந்துகொண்டு வருகிறவள், ஒருநாள் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். நீல வானம், மலை, உடைந்த வெள்ளைத் தூண்கள்.

"சாமி இல்லாத கோயிலுக்கு என்னத்துக்குப் போறது?" என்று ஞானரட்ணம் கேட்டார்.

"சாமி போன பிறகும் அது நிக்குதல்லே. எப்பிடி நிக்குதெண்டு ஒருக்காப் பாக்க வேணும்" என்றாள்.

தன் கைபேசியில் தானே விளக்கம் வாசித்து, தன் பேரிலேயே இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள். கொஞ்சம் வெயில் வரட்டும் என்று ஆனி மாதத்தில் ஒரு நாளைப் பிடித்தாள். மாசியில் ஒரு விடியற்காலையில் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டவள் குசினியிலேயே விழுந்துவிட்டாள். ஞானரட்ணம் இறங்கி வந்தபோது கேத்தில் கொதித்துத் தன்பாட்டில் நின்றிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீடு நிறைய ஆட்கள். அதன் பிறகு ஆட்கள் குறைந்தார்கள். அவர்களுக்கு முன்னமே அவளுடைய பேர் குறைந்துவிட்டது. கனடாவில் இருக்கும் மகன் கீர்த்தனன் ஞாயிறுகளில் அழைத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பான். அம்மா என்ற சொல் வரும் இடத்தில் பேச்சைத் திருப்பிவிடுவான். தெரிந்தவர்கள் வழியில் கண்டால் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தபோது, பழக்கதோஷத்தில் தன் பேரோடு கனகாம்பிகை, உத்தரட்டாதி என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். ஐயர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது என்று நினைவுபடுத்தினார். அதுவும் சரிதானே என்று ஞானரட்ணம் தட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

உள்ளதைச் சொன்னால் அவரும் அந்தப் பேரைச் சொல்லி அழைத்தவர் அல்ல. கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் அவளை இஞ்சாரும் என்பார். அவள் அவரை இஞ்சாருங்கோ என்பாள். இரண்டு சொல்லுக்கும் இங்கே பாருங்கள் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதை வைத்துக்கொண்டே ஒரு ஆயுளை ஓட்டியிருந்தார்கள். இப்போது வீட்டில் இஞ்சாரும் என்றால் பார்க்க ஆளில்லை.

ஆனி பிறந்ததும், அவர் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கைபேசி ஒருநாள் ஒலித்தது. "உங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம், கனகாம்பிகை" என்று அறக்கட்டளை ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவளைப் பேர் சொல்லி அழைக்க இந்த உலகத்தில் ஒரு கணினியாவது மிஞ்சியிருக்கிறதே என்று ஞானரட்ணம் அதைத் திரும்பவும் வாசித்தார். அவளுக்குப் பதிலாகத் தானாவது போய்ப் பார்த்து வர வேண்டும், கோயிலை ஒருமுறை சுற்றிக் கும்பிட வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தார்.

மலையடிவாரத்து வாசலில் பெரிய எழுத்தில், இங்கே எவரும் தனியாக இல்லை என்று போட்டிருந்தது. அது வெறும் வாசகம் அல்ல, சட்டம். லண்டனில் தனிமை ஒரு நோயாகப் பரவுகிறது என்று அறிந்த அறக்கட்டளை, அதை ஒழிக்கத் தனியாக வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று தீர்மானம் போட்டிருந்தது. சோடியாக வந்தால்தான் மலை. ஞானரட்ணத்துக்கு முன்னால் நின்ற கிழவி ஒருத்தியை, யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மிகுந்த அன்போடு திருப்பி அனுப்பினார்கள்.

அவரும் தனி ஆள்தான். ஆனாலும் மனைவியின் கைபேசியை நீட்டினார். மெஷின் டிக்கெட்டை வாசித்துப் பச்சை காட்டி, "இருவர் உள்ளே. இனிய பயணம், கனகாம்பிகை" என்றது. வாசலில் நின்ற பையன் மெஷினைத்தான் பார்த்தான். ஆளைப் பார்ப்பது பாகுபாட்டுக்கு வழிவகுக்கும் என்று அவனுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தூறலின் நடுவே கம்பங்களில் பூட்டிய விளக்குகள் மத்தியதரைக்கடல் வெயிலை அடித்தன. காற்று மெஷின் ஒன்று மூலிகை மணத்தை வீசியது. லண்டன் தெரியக்கூடிய திசையெல்லாம் கடல் வரைந்த பலகைகளை நிறுத்தி மறைத்திருந்தார்கள். சோடிகள் காதில் விளக்கவுரைக் கருவியை மாட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல் ஏறின. ஒரு சோடி அவரிடம் கைபேசியைத் தந்து தங்களைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். உங்களையும் எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. எடுத்திருந்தாலும் யாருக்குக் காட்டுவது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கோயில் படி வந்ததும் ஞானரட்ணம் சப்பாத்தைக் கழற்றினார். சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோயிலுக்குள் சப்பாத்தோடு போக அவருக்குக் கால் வராது. கழற்றி ஒரு ஓரமாக வைத்தார். வைத்தபின்தான் கண்டார், பக்கத்தில் இன்னொரு சோடி வைக்கிற அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். கால் குளிர்ந்தது.

தரையில் வழிகாட்டும் அம்புக்குறிகள் இருந்தன. அவை கோயிலை இடப்பக்கமாகச் சுற்றிப்போகச் சொல்லின. ஞானரட்ணம் கொஞ்சம் நின்றார். கோயிலை வலம் வருவதுதான் முறை. இடமாகச் சுற்றுவது செத்தவீட்டில். மாசியில் சுடலை மண்டபத்தில் பெட்டியை இடமாகச் சுற்றியாயிற்று. இன்னொரு முறை அவரால் முடியாது. அம்புக்குறிகளைப் பகைத்துக்கொண்டு வலமாக நடந்தார்.

அதில் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. எல்லாரும் ஒரே பக்கமாகப் போகும்போது முதுகுகள்தான் தெரியும். எதிர்த்து நடந்தவருக்கு முகங்கள் வந்தன. மாதக்கணக்கில் யாரும் நேராகப் பார்க்காத அவர் முகத்தை, வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எரிச்சலோடுதான் பார்த்தார்கள். அதுவும் அவருக்கு ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

அரைச் சுற்று முடிந்ததுமே விசில் ஊதிவிட்டார்கள். படியில் உரிமையாளர் இல்லாத சப்பாத்து இருந்ததால் அந்தப் பகுதியை நாடா கட்டி மறித்திருந்தார்கள். சப்பாத்து இல்லாத ஒருவர் எதிர்த்திசையில் தனியாக நடப்பதாகத் தகவல் போயிருந்தது. மெஷினைக் கேட்டால் அவர் இருவர் என்றது.

காவலாளி வந்து பேரைப் பார்த்துவிட்டுத் தமிழ் என்று குறித்துக்கொண்டார். ஞானரட்ணம் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். தபால் பிரிக்கும் நிலையத்தில் வயசுபோகும்வரை ஷிப்ட் செய்தவர். அவருடைய ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. காவலாளி கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வருகையாளர் எவரும் தாய்மொழியை விட்டுப் பேசும் அவமானத்துக்கு ஆளாகக் கூடாது என்பது அறக்கட்டளையின் மொழிக் கண்ணியக் கொள்கை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். தெரியும் ஐயா, ஆனால் நீங்கள் அந்தக் கஷ்டம் படக்கூடாது என்றார் காவலாளி. அதன் பிறகு, சலவைக்கல் போல் வர்ணம் பூசிய பிளாஸ்டிக் வாங்கில் அவரை வாயை மூடி உட்கார வைத்தார்கள்.

அரை மணித்தியாலம் கழித்துச் சமூக இணைப்பு அதிகாரி வந்தாள். ஜதுர்ஷிகா, லண்டன் வெம்பிளியில் வளர்ந்த பிள்ளை. தமிழைச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்துச் சான்றிதழும் பரிசும் வாங்கியவள். வீட்டில் தாயோடு பேசுவது சாப்பாட்டு விஷயம் மட்டும். அவளோடு வருகையாளர் நலத் தலைமை அதிகாரி விண்ட்ரப் என்பவரும் வந்தார். மலையில் அவர் ஒருவர்தான் கோட்டுப் போட்டிருந்தார்.

"அங்கிள், உங்கட வைஃப் எங்க? மெஷின் ரெண்டு பேர் எண்டு சொல்லுது" என்று ஜதுர்ஷிகா கேட்டாள்.

"அவ தவறிட்டா, பிள்ளை."

"எப்ப தவறினவ?"

"விடியக்காத்தால."

ஜதுர்ஷிகா படித்த தமிழில் பஸ் தவறும், கணக்கில் புள்ளி தவறும், கோப்பை கை தவறி விழும். ஆள் தவறுவதென்றால் வழி தவறுவதாகத்தான் இருக்க வேண்டும். அவள் விண்ட்ரப்பிடம் திரும்பி, காலையில் இருவரும் பிரிந்துவிட்டார்கள், மனைவி மலையில் எங்கோ வழி தெரியாமல் நிற்கிறார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஞானரட்ணத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்று சொல்ல ஆங்கிலத்தில் வாயைத் திறந்தார். காவலாளியின் கை மறுபடி உயர்ந்தது. அதற்குள் விண்ட்ரப் பேசத் தொடங்கிவிட்டார்.

"கவலைப்பட வேண்டாம்" என்றார் அவர். "நாங்கள் ஒரு இயக்குநரைத் தொலைத்திருக்கிறோம், ஒரு வருடத்துக் கணக்கைத் தொலைத்திருக்கிறோம். ஒரு வருகையாளரைத் தொலைத்ததே இல்லை. இந்த மலையில் தனிமை என்பது பூச்சியம். அதற்காக விருது வாங்கியிருக்கிறோம். எப்படிச் சாதித்தோம் தெரியுமா? தனிமையில் வாடுகிறவர்களை நாங்கள் உள்ளே விடுவதே இல்லை. அவர்கள் வெளியே நிற்கிறார்கள். வெளியே நிற்பது எங்கள் புள்ளிவிவரத்தில் வராது."

அதை ஜதுர்ஷிகா தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் அவளே கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "அங்கிள், அவ எப்பிடி இருப்பா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல ஞானரட்ணத்துக்கு நா நுனிவரை வந்தது. சொன்னால் அவர் தனி ஆள். கையைப் பிடித்து வாசலில் விட்டுவிடுவார்கள், சுற்று அரைகுறையில் நின்றுவிடும். ஆனால் அவரை நிறுத்தியது அது அல்ல. மாசிக்குப் பிறகு, அவ எப்படி இருப்பா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைதான் முதலில் கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கட்டை. என்ர தோளுக்குத்தான் வருவா" என்றார். "முழங்கால் நோ, அதால ஒரு பக்கம் சரிஞ்சு நடப்பா. சிரிக்கேக்க வாயைக் கையால மூடுவா. பல்லு வடிவான பல்லு, ஏன் மூடுறாவெண்டு எனக்குத் தெரியாது. நான் கேக்கவுமில்லை."

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. குளிருக்கு அவள் அவருடைய பழைய வேலை ஜக்கெற்றைத்தான் போடுவாள் என்றார். படியில் ஏறும்போது அவள் பின்னால் வருகிறாளா என்று இன்றைக்கும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன் என்றார். என்ன உடுத்திருக்கிறா என்று ஜதுர்ஷிகா கேட்டாள். கடைசியாக அவளுக்கு உடுத்திவிட்டதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. கூறைச்சேலை என்றார். கலியாணச் சேலை, சிவப்புப் பட்டு என்று அவள் மொழிபெயர்த்ததும் விண்ட்ரப் நெகிழ்ந்துபோனார். நமது மலைக்கென்றே கலியாணச் சேலை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள், இதை ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார்.

வீட்டில் மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்பது கடைசிக் கேள்வி. இஞ்சாரும் என்று சொன்னார் ஞானரட்ணம். ஜதுர்ஷிகாவுக்கு எங்கோ கேட்ட சொல்லாகத்தான் பட்டது. அவளுடைய தாயும் தகப்பனை அப்படி ஏதோவொன்றால் அழைப்பாள். செல்லப்பேர் என்று மொழிபெயர்த்தாள்.

காற்று மெஷினை நிறுத்தினார்கள். வெயிலை அணைத்தார்கள். சாரத்தில் நின்ற இருவரையும் இறக்கித் தேட விட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தபின் அவர்கள் செய்த முதல் வேலை அது. எல்லார் காதிலும் ஓடிய விளக்கவுரை நின்றது. மலை முழுவதும் திடீரென்று மழைச் சத்தம் கேட்டது. பிறகு ஒலிபெருக்கியில் விண்ட்ரப் அந்தப் பேரைச் சொல்லப் பார்த்தார். கானக்கா என்று தொடங்கிப் பிக்கி என்று முடித்தார்.

"நீர் சொல்லும், பிள்ளை" என்றார் ஞானரட்ணம்.

ஜதுர்ஷிகா மைக்கை வாங்கி, கனகாம்பிகை என்றாள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்து உச்சரிப்பு, ஒரு எழுத்துப் பிசகவில்லை. இஞ்சாரும் என்றும் அழைக்கப்படுபவர் என்று சேர்த்தாள். பேர் தூண்களில் பட்டு, கடல் வரைந்த பலகைகளில் பட்டுத் திரும்பி வந்தது. ஞானரட்ணம் வெறுங்காலோடு கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவர் அறியாமலே கை கூப்பிவிட்டது.

சோடிகள் காதிலிருந்த கருவிகளைக் கழற்றின. ஆளை ஆள் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். நல்ல சனங்கள், பாதையை விட்டிறங்கிப் புதர்களுக்குள் தேடினார்கள். முழுப்பேர் வாயில் நுழையாததால் சின்னப்பேரைப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்சாரும், இஞ்சாரும் என்று குப்பைமேடு முழுக்க வெள்ளைக்காரர்கள் ஒன்றுமில்லாத வெளியைப் பார்த்து, இங்கே பாருமேன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடும்போதெல்லாம் ஞானரட்ணமும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் வரமாட்டாள் என்பது அந்த மலையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அப்படியும் பார்த்தார்.

விண்ட்ரப் விதியை விளக்கினார். மெஷின் உள்ளே என்று சொல்பவர் வெளியே என்று மெஷின் சொல்லும்வரை உள்ளேதான். கண்டுபிடிக்கும்வரை, ஒவ்வொரு நாளும் கதவு பூட்டுமுன் பேரைக் கூப்பிட வேண்டும். அதை மாற்றத் தனக்கே அதிகாரம் கிடையாது என்று அவர் திருப்தியோடு சொன்னார்.

ஜதுர்ஷிகா நாடாவுக்குள் புகுந்து அவருடைய சப்பாத்தை எடுத்து வந்து காலடியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கால் நனையுது, போடுங்கோ அங்கிள். யோசிச்சுச் சொல்லுங்கோ, அவ எங்க போயிருப்பா?" என்றாள். ஒரு கையில் மைக்கை இன்னும் பிடித்திருந்தாள்.

அந்தப் பிள்ளையை ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை, அவ மாசியில செத்துப்போனா" என்றார். "தவறிட்டா எண்டால் எங்கட ஆக்களுக்கு அதுதான். நான் முதலே சொல்லியிருக்க வேணும். நீர் அவவின்ர பேரைச் சொல்லச் சொல்ல, எனக்கு வாய் வரேல்லை."

கீழே புதர்ப் பக்கம் யாரோ இஞ்சாரும் என்று கூப்பிட்டார்கள். ஜதுர்ஷிகா அந்தப் பக்கத்தையும் ஞானரட்ணத்தின் நனைந்த கால்களையும் பார்த்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்று விண்ட்ரப் கேட்டார்.

அவளுடைய உத்தியோகத்தில் அவள் வேண்டுமென்றே பிழையாகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

"இன்னும் ஒருக்கால் கூப்பிடட்டாம்" என்றாள்.

கூப்பிட்டாள். அது முடியும்வரைக்கும் ஞானரட்ணம் விட்ட இடத்திலிருந்து மிச்ச அரைச் சுற்றை வலமாகவே நடந்து முடித்தார். யாரும் மறிக்கவில்லை. எல்லாரும் அவர் மனைவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மெஷின் கணக்கில் இருவர் உள்ளே போய் ஒருவர் வெளியே வந்தார். தேடுதல் சில நாளில் ஓய்ந்தது. பேரைக் கணினியிலிருந்து எடுக்க வேண்டுமானால் கனகாம்பிகை தானே நேரில் வந்து ஒப்புதல் தர வேண்டும் என்று மேலிடம் அறிவித்தது. அதனால் இன்றைக்கும் பின்னேரம் மலை பூட்டுமுன் ஒலிபெருக்கியில் ஜதுர்ஷிகாவின் குரலில் பதிந்து வைத்த அந்தப் பேர் மூன்று தரம் கேட்கும். ஞானரட்ணம் பஸ் எடுத்து வந்து வேலிக்கு வெளியே நிற்பார். உள்ளே விடமாட்டார்கள், தனி ஆள். நடைபாதையில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, பேர் முழுக்கக் கேட்டு முடித்து, மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.